பயப்படுகிற நாளில் சங்கீதம் எடுத்து ஜெபிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்குப் பயம் வந்தால் கூடவே கூச்சமும் வந்துவிடுகிறது. "கர்த்தரை நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு இப்படி நடுங்குகிறேனே" என்று தங்களையே கடிந்துகொண்டு ஜெபிக்க உட்காராமலே இருந்துவிடுகிறார்கள். ஆபரேஷனுக்கு முந்தின இரவு, புயல் கரையைக் கடக்கும் நேரம், வேலை போகப்போகிறது என்று தெரிந்த வாரம், ஊரில் கலவரம் என்று செய்தி வரும் நாள், எப்போதும் இதே கதைதான். வேதாகமத்திலுள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்களை எடுத்து ஜெபிக்கும் முறைக்குப் போகுமுன் இந்தக் கூச்சத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்கு 14ஆம் அதிகாரத்தில் 32 முதல் 42 வரை வாசியுங்கள். கெத்செமனே தோட்டத்தில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும்" தொடங்கினார் என்று அங்கே எழுதியிருக்கிறது. அப்போது அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரையும் துணைக்கு அழைத்துப்போனார். தம் துக்கத்தை அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். இந்தப் பாத்திரம் (வரப்போகும் பாடு) நீங்கட்டும் என்று பிதாவிடம் நேராகக் கேட்டு, அவர் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். மறுபடியும் போய் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார். கீழே வரும் முறை முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

"தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்ற 2 தீமோத்தேயு 1:7ஐச் சொல்லி யாராவது உங்களைக் கண்டித்திருக்கலாம். அந்த வரி சோர்ந்திருந்த தீமோத்தேயு என்ற இளம் ஊழியனைத் தூக்கி நிறுத்த எழுதப்பட்டது. அவனைக் குற்றப்படுத்த எழுதப்பட்டதல்ல. மாற்கு 4இல் படகில் அலறிய சீஷர்களுக்காகவும் இயேசு முதலில் கடலை அமைதிப்படுத்தினார். "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்?" என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

கையில் இருக்க வேண்டியவை

அச்சடித்த வேதாகமம் ஒன்று, ஒரு நோட்டு, ஒரு பேனா. போனில் வேதாகமம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பயம் பிடித்த நேரத்தில் போனைத் திறந்தால் சங்கீதத்துக்குப் போகும் வழியிலேயே மூன்று வாட்ஸ்அப் செய்திகளும் ஒரு பிரேக்கிங் நியூஸும் நிற்கும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத் திறங்கள்.

எந்த மொழிபெயர்ப்பு? சீர்திருத்த சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் பெரும்பாலும் பழைய திருப்புதல் என்ற பழைய தமிழ் மொழிபெயர்ப்புதான். அதில் இந்த நூலின் பெயர் 'சங்கீதம்'. கத்தோலிக்கர் கையிலுள்ள, 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் இது 'திருப்பாடல்கள்'. பழைய திருப்புதலின் ஓசை மனதில் தங்கும், ஆனால் சில சொற்கள் புதியவர்களை நிறுத்திவிடும். 'ஒத்தாசை' என்றால் உதவி. 'பர்வதம்' மலை. 'கேடகம்' கேடயம். 'தியங்குதல்' கலங்கி வாடுவது. 'திடன்கொள்' என்றால் தைரியமாயிரு. அடைப்புக்குறிக்குள் வரும் 'சேலா' சங்கீதங்களில் 71 முறை வருகிறது. அது பாடகர்களுக்கான குறிப்பாக இருக்கலாம் என்பது பொதுவான கருத்து. அதை வாசிக்காமல், அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துங்கள். பொருள் புரியவே கஷ்டமாக இருந்தால் திருவிவிலியத்தையோ எளிய மொழிபெயர்ப்பு ஒன்றையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தச் சபையாக இருந்தாலும் இதில் தப்பில்லை.

முதலில் 13ஆம் சங்கீதம்

எல்லோரும் 23இலோ 91இலோ தொடங்கச் சொல்வார்கள். நாங்கள் 13இல் தொடங்கச் சொல்கிறோம். மொத்தம் 6 வசனம்தான். பயத்தில் இருப்பவர் பேசும் விதத்திலேயே அது பேசுகிறது. அதன் அமைப்பையும் விரல்விட்டு எண்ணலாம். 1, 2 வசனங்கள் முறையீடு. 3, 4 வேண்டுதல். 5, 6 நம்பிக்கை.

சுமார் 15 நிமிடம் ஒதுக்குங்கள். படுத்துக்கொண்டு வேண்டாம், சுவரில் முதுகு சாய்த்து உட்காருங்கள். பாதம் தரையில் பதியட்டும். ஒரு சின்ன விளக்கு போதும்.

முதல் படி. சங்கீதத்தை முழுவதும் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். வீட்டில் பிள்ளைகள் தூங்கினால் உதடு அசையும் அளவுக்கு முணுமுணுத்தாலும் சரி. மனதுக்குள் வாசித்தால் கண் மட்டும் வரியில் ஓடும், எண்ணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். குரல் வந்தால் எண்ணமும் கொஞ்சமாவது கூட வரும்.

இரண்டாவது படி. 1, 2 வசனங்களை மறுபடி வாசியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கி 'எதுவரைக்கும்' திரும்பத் திரும்ப வருகிறது. இப்போது நோட்டில் உங்கள் பயத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள், அது கைக்குப் பிடிபடாது. "நாளைக்கு வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் கேன்சர் என்று இருக்குமோ, பிள்ளையை யார் பார்ப்பார்கள்" என்று எழுதுங்கள். பெயரில்லாத பயம் அறை முழுவதும் நிற்கும். பெயர் வைத்தால் ஒரு வரிக்குள் வந்துவிடும்.

கடவுளிடம் இப்படிக் கேட்கலாமா என்ற தயக்கம் இந்த இடத்தில்தான் வரும். கேட்கலாம். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்ற 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைச் சிலுவையில் இயேசுவே சொன்னார்.

மூன்றாவது படி. 3, 4 வசனங்கள். "நீர் நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்." உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். பெரிய வேண்டுதலோடு ஒரு சின்ன வேண்டுதலும் இருக்கட்டும்: "ரிப்போர்ட் நல்லபடி வர வேண்டும், ஆண்டவரே. இன்றைக்கு நாலு மணி நேரமாவது தூங்க வேண்டும்." பெரியதற்குப் பதில் நாளைக்குத்தான் தெரியும். சின்னதற்கு விடியும்போது தெரிந்துவிடும்.

நான்காவது படி. 5, 6 வசனங்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "என் இருதயம் களிகூரும்" என்று வாசிக்கும்போது இருதயம் களிகூரவில்லையே என்று பொய் சொல்வதுபோல் தோன்றும். வினைச்சொல்லைப் பாருங்கள்: களிகூரும். வரப்போவதைச் சொல்கிறது, இப்போதே உணர வேண்டும் என்று கேட்கவில்லை. கடைசி வசனம் கர்த்தர் முன்பு செய்த நன்மையை நினைக்கிறது. நீங்களும் முன்பு கிடைத்த ஒரு நன்மையை, நடந்த தேதியோ வருஷமோ போட்டு, ஒரு வரி எழுதுங்கள்.

ஐந்தாவது படி. இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை (மத்தேயு 6:9-13) சொல்லி முடியுங்கள். வார்த்தையே வராத இரவில் இது மட்டும் போதும். அதுவும் வரவில்லையா? ரோமர் 8:26 ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுகிறார் என்கிறது. பெருமூச்சோடு உட்கார்ந்திருப்பதும் ஜெபத்தில் சேரும்.

முதல் வாரம் முழுவதும் இதே சங்கீதம்தான். தினம் ஒன்று மாற்றினால் எதுவும் வாயில் நிற்காது. ஒரே சங்கீதத்தை ஏழு நாள் வாசித்தால் எட்டாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் புத்தகம் இல்லாமலே அது வரும்.

நடுராத்திரியில், புத்தகம் எடுக்க முடியாதபோது

சங்கீதம் 56:3: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." இதை மூச்சோடு சேர்த்துச் சொல்லப் பழகுங்கள். மூச்சை மெதுவாக இழுக்கும்போது மனதுக்குள் "நான் பயப்படுகிற நாளில்". அதைவிட மெதுவாக விடும்போது "உம்மை நம்புவேன்". பத்து முறை. விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும். படபடக்கும் உடம்பு தணிய அது உதவும். தலை சுற்றினால் மூச்சை அவசரமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள், வசனத்தை மட்டும் சொல்லுங்கள்.

அந்த வசனம் "நான் பயப்படாதபோது" என்று தொடங்கவில்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே வாயில் இருக்க இடம் கொடுக்கிறது. தொடக்கக்காரருக்கு நாங்கள் இதைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

அடுத்து எந்தச் சங்கீதம்?

13 பழகியபின் உங்கள் பயத்துக்கு ஏற்றதைச் சேர்க்கலாம். வெள்ளம், புயல், நிலநடுக்கம், போர் என்று காலடி நிலமே ஆடும்போது 46. "பூமி நிலைமாறினாலும்" என்று அது மிக மோசமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறது. நோயில் 6. "இராமுழுவதும் என் கண்ணீரால் என் படுக்கையை" நனைத்தேன் என்பவரின் பாட்டு அது. தூங்கப் போகுமுன் 4, குறிப்பாக 8ஆம் வசனம்.

விசுவாசத்துக்கு வந்ததால் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்கள் 27ஐ எடுங்கள். "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்" என்ற 10ஆம் வசனத்துக்காகவே அதைச் சொல்கிறோம். பெற்றோர்மேல் கோபப்பட அதைப் பயன்படுத்தாதீர்கள். தனியாக இருக்கும்போது சாய்ந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் படித்தாலும் ஒட்டவில்லை, எல்லாம் இருட்டாகவே இருக்கிறது என்றால் 88. அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, நம்பிக்கை வரி கடைசியில் வருவதில்லை. அப்படி ஒரு ஜெபமும் வேதத்துக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதைத் தனியாக வாசிக்க வேண்டாம், ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஜெபித்து எழுந்தபின்

நோட்டில் கடைசியாக ஒரு வரி: நாளைக் காலை நான் செய்ய வேண்டிய ஒரே காரியம் என்ன? டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள், பேட்டரி விளக்கும் குடிநீரும் எடுத்து வைப்பது, வங்கிக்கு ஒரு போன். ஒன்றே போதும்.

ஜெபித்துவிட்டேன், இனி ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நினைப்பவர்கள் அப்போஸ்தலர் 27ஐ வாசிக்க வேண்டும். புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர். ஒருவர் உயிரும் போகாது என்று பவுலுக்குத் தேவதூதன் சொல்லியாயிற்று. அதன்பிறகும் மாலுமிகள் ஆழம் பார்க்கிறார்கள், பின்னணியத்திலிருந்து (கப்பலின் பின்பக்கத்திலிருந்து) 4 நங்கூரம் போடுகிறார்கள். இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று பவுலே நூற்றுக்கதிபதியிடம் (ரோமப் படை அதிகாரியிடம்) எச்சரிக்கிறார். 14ஆம் நாள் எல்லோரையும் சாப்பிடச் சொல்லி, தானும் அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம்பண்ணிச் சாப்பிடுகிறார். வாக்குத்தத்தமும் நங்கூரமும் சாப்பாடும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன.

1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, சீர்திருத்த சபைகளுக்கு வழிதிறந்த மார்ட்டின் லூதர் ஊரை விட்டுப் போகவில்லை. அப்போது அவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது: கடவுள் காக்கும்படி கேட்பேன், பிறகு புகைபோடுவேன், மருந்து கொடுப்பேன், நானும் சாப்பிடுவேன், தேவையில்லாத இடத்துக்குப் போகமாட்டேன், ஆனால் அயலானுக்கு நான் வேண்டுமென்றால் தயங்காமல் போவேன். ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகும் இதற்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

உடம்பையும் மறக்காதீர்கள். 1 இராஜாக்கள் 19இல் சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தான். இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் பேசியது அதற்கும் பிறகுதான். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்றால் சங்கீதத்துக்கு முன் இரண்டு இட்லி சாப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் தினமும் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் உபவாச ஜெபத்தில் இறங்க வேண்டாம்.

எங்கே தவறிப்போகிறது

மிகப் பெரிய தவறு 91ஆம் சங்கீதத்தைத் தாயத்தாக ஆக்குவது. அதைத் தாளில் எழுதித் தலையணைக்கடியில் வைத்தால் ஒன்றும் நேராது, இத்தனை முறை சொன்னால் நோய் அண்டாது என்று நினைப்பார்கள். நேர்ந்துவிட்டால் நம்பிக்கையே உடைந்துபோகும். மத்தேயு 4இல் தேவாலயத்தின் உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்லி இயேசுவைச் சோதித்த பிசாசு எடுத்துக்காட்டியது இதே சங்கீதத்தைத்தான். இயேசு குதிக்க மறுத்தார். அப்படியானால் இதை எப்படி ஜெபிப்பது? 15ஆம் வசனத்தை மையமாக வைத்துக்கொள்ளுங்கள்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து". ஆபத்து வரும் என்பதை அந்தச் சங்கீதமே ஒப்புக்கொள்கிறது. அதற்குள் கூடவே இருப்பேன் என்பதுதான் வாக்கு.

கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தைப் பதிலாக எடுப்பது அடுத்தது. விரல் ஒரு சாப வசனத்தில் விழுந்தால் மூன்று நாள் தூக்கம் போகும். எதை வாசிப்பது என்று பகலிலேயே முடிவுசெய்து அடையாளத்தாள் வைத்துவிடுங்கள்.

"இத்தனை பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம், அனுப்பாவிட்டால் தீங்கு" என்று வரும் செய்திகளை அழித்துவிடுங்கள். பயந்திருக்கும் வீட்டுக்கு வந்து, இவ்வளவு காணிக்கை வைத்தால் ஆபத்து நீங்கும் என்றோ, மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்றோ சொல்பவருக்குக் கதவைச் சாத்துங்கள். காணிக்கை நன்றியோடு கொடுப்பது. பயத்தை வைத்து வாங்குவது வேறு.

ஜெபித்தும் சமாதானம் வரவில்லையே என்பது கடைசிக் குறை. முதல் சில இரவுகளில் பலருக்கு எதுவும் தோன்றாது, சிலருக்கு அழுகை வரும், சிலர் பாதியில் தூங்கிவிடுவார்கள். எதுவும் தோல்வியல்ல. தூக்கம் வந்தால் தூங்குங்கள், கேட்டதே அதைத்தானே.

ஆனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் அது பயத்தால்தான் என்று நீங்களே முடிவுசெய்யாதீர்கள். இந்தியாவில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் டாக்டரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே ஒருவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 ஆகியவை மனநல உதவி எண்கள். அழைப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

தனியாக இருக்காதீர்கள்

பயமில்லாத ஒரு நாளிலேயே சபையில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டுவையுங்கள்: "அக்கா, என்றைக்காவது ராத்திரி ரொம்பப் பயமாக இருந்தால் கூப்பிடலாமா?" கூப்பிடும் நேரத்தில் சுருக்கமாகச் சொல்லுங்கள்: "அக்கா, பயமா இருக்கு. இப்ப புத்திமதி வேண்டாம். அஞ்சு நிமிஷம் எனக்காக ஜெபம் பண்ணுங்க." என்ன வேண்டும் என்று சொல்லாவிட்டால், நல்ல மனதோடுதான், அரைமணி நேரம் பேசிவிடுவார்கள். போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ போகும்போது நோட்டை எடுத்துப்போங்கள். இரண்டாவது படியில் எழுதிய வரிகளை அப்படியே வாசித்துக் காட்டலாம்.

ஆலயமே மூடப்படும் நாள்களும் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஞாயிறு இலங்கைக் கத்தோலிக்க ஆலயங்களில் மக்கள் கூடும் திருப்பலி நடக்கவில்லை. பேராயர் ஒப்புக்கொடுத்த திருப்பலியை வீட்டிலிருந்தபடி தொலைக்காட்சியில் பார்த்துப் பங்குகொண்டார்கள். அப்படி ஒரு நிலை வந்தால் வீட்டில் நேரம் குறித்து, வழக்கமாக ஆலயத்துக்குப் போகும் அதே மணிக்கு உட்காருங்கள். கத்தோலிக்க வீடுகளில் செபமாலை இருக்கும், மற்ற வீடுகளில் குடும்ப ஜெபம் இருக்கும். பழகிய ஒன்றைச் செய்யுங்கள், புதிதாக எதையும் தொடங்குவதற்கு அது நேரமல்ல.

பிள்ளைகள் பயந்திருந்தால் 121. அதன் 8 வசனங்களுக்குள் காக்கிறவர், காப்பார் என்று 6 முறை வருகிறது. நீங்கள் மெதுவாக வாசியுங்கள், அந்தச் சொல் வரும் இடமெல்லாம் பிள்ளை உரக்கச் சொல்லட்டும். "உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை" என்ற இடத்தில், "அவர் முழிச்சிருக்கார், நீ தூங்கு" என்று சொல்லி விளக்கை அணைக்கலாம். ஒன்றும் ஆகாது என்று மட்டும் பிள்ளையிடம் சத்தியம் செய்யாதீர்கள். "அம்மா கூடவே இருக்கேன், ஆண்டவரும் இருக்கார்" என்பது வரை சொல்லுங்கள்.

பயந்திருப்பவர் வேறொருவர், நீங்கள் பார்க்கப் போகிறீர்கள் என்றால், முதலில் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். வாசிக்கட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் 23, மொத்தம் 6 வசனம், வழக்கத்தைவிடப் பாதி வேகத்தில். 4ஆம் வசனத்தில் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். அவருக்கு மனப்பாடமாக இருந்தால் கூடவே சொல்வார். விளக்கம் வேண்டாம், இன்னாருக்கும் இப்படித்தான் வந்து குணமானது என்ற கதையும் வேண்டாம். ஜெபம் இரண்டு மூன்று வாக்கியத்தோடு நிற்கட்டும். ஆமென் சொன்னதும் செருப்பைத் தேடாமல் இன்னும் பத்து நிமிடம் பக்கத்தில் இருங்கள். அவர் உண்மையில் சொல்ல நினைத்தது பெரும்பாலும் அப்போதுதான் வாயில் வரும்.